இரணியல் கோர்ட்டில் வெள்ளம்

போன செவ்வாய்க்கிழமை வந்தது இயந்திரம்.
சாட்சிக் கூண்டின் கம்பியில் ஒரு சின்ன மைக்,
என் மேசையில் ஒரு திரை.
இனி நீ அடிக்க வேண்டாம்,
அது எழுதுவதைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள்.
பதினெட்டு வருஷம் அடித்த விரல்கள்
விடுமுறை தெரியாமல் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள்போல
மேசை விளிம்பில் நின்றன.

மொழி எது என்று முதலில் கேட்டது.
பட்டியலில் இருபத்திரண்டு.
தமிழைத் தொட்டேன்.

கூண்டில் நேசபாய்.
அண்டியாபீசில் பருப்பு உடைக்கிறவள்.
தோட்டெண்ணெய் தின்ற கட்டைவிரலை
வாசலில் ரேகை மெஷின் மூன்று முறை
யாரென்று தெரியாது என்றது;
கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தாள்.
வழக்கு பதினான்கு வருஷப் பழசு.
நாலடி அகல நடவழி, முனையில் கிணறு,
நடுவில் பிரதிவாதியின் மதில்.

"வெள்ளம் கோரியதுக்கு எங்களுக்கு
அந்த வழி மட்டுந்தான் உண்டு சாரே.
மதிலு கெட்டின அன்னைக்கும்
நான் வெள்ளத்துக்குத்தான் போனேன்."

திரையில் ஆங்கிலம் ஓடியது.
நல்ல ஆங்கிலம், என்னுடையதைவிட நல்லது.
அதில் நேசபாய்
பெருவெள்ளத்தின் மேல் உரிமை கோரினாள்.
மதில் எழுந்த அன்று
பெருவெள்ளத்தைத் தேடிப் போனாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் பத்மதாஸ்
திரையைப் பார்த்துவிட்டு எழுந்தார்.
அவர் வீட்டிலும் வெள்ளம்தான்,
காலையில் ஒரு செம்பு குடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்.
ஆனாலும் கேட்டார்:
அந்த மாதம் தாலுகாவில் வெள்ளமே இல்லையே அம்மா,
மழைமானிக் கணக்கு என் கையில் இருக்கிறது.

"வெள்ளம் இல்லாம
பின்ன எப்பிடி சாரே சோறு வைக்கியது?"

கோர்ட்டு சிரித்தது.
நீதிபதி தருமபுரிக்காரர், வந்து ஆறு வாரம்.
அவர் சிரிக்கவில்லை.

குறை சொல்வதற்கென்று நான் இதை எழுதவில்லை.
முந்தின வாரம் இதே இயந்திரம்தான்
கொல்லம் ஆயிரத்து நூற்று மூன்றின் ஆதாரத்தை,
கரையான் பாதி தின்ற மலையாளத்தை,
நாலு நிமிஷத்தில் வாசித்தது.
மொழிபெயர்ப்பாளர் நாற்காலி ஒன்பது வருஷமாகக் காலி.
எந்த வக்கீலும் முழுசாகப் படித்ததில்லை.
மூன்றாம் பக்கம், கீழிருந்து ஐந்தாம் வரி:
கிணற்றில் வெள்ளம் கோர
தெற்கு வீட்டாருக்கு என்றைக்கும் நடவழி.
அங்கே அது தண்ணீர் என்றே பெயர்த்திருந்தது,
ஒரு பிசகில்லாமல்.

மலையாளம் என்று சொல்லிக் கொடுத்தால் குடிக்கிறது.
தமிழ் என்று சொல்லிக் கொடுத்தால் முங்கிப்போகிறது.
கல்குளம் தாலுகா என்றொரு கட்டம்
பட்டியலில் இல்லை.

டைப்பிஸ்ட் எழுந்து பேசும் வழக்கம் கிடையாது.
எழுந்தேன்.
சார், இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர்.
கோருவது என்றால் இறைப்பது.

இதற்கு ஆதாரம்?

அந்த ஆதாரம்தான் சார். மூன்றாம் பக்கம்.

டைப்பிஸ்ட் இந்த வழக்கில் சாட்சி இல்லை,
ஆட்சேபிக்கிறேன் என்றார் பத்மதாஸ்.
அதுவும் சரிதான்.
நீதிபதி பேனாவைத் திறந்து
தன் நோட்டில் ஏதோ கையால் எழுதினார்,
திருத்தத்துக்கு மனு போடச் சொன்னார்.
இருபத்துமூன்றாம் தேதிக்கு வாய்தா.

திரையின் அடியில்
யாரும் படிக்கும் முன்பே நின்றது கடைசி வரி:
படித்துக்காட்டக் கேட்டு
சரியென ஒப்புக்கொண்டேன்.

நேசபாய் பேனாவைத் தொடவில்லை.
"இதுல என்ன எழுதியிருக்கு மோளே?"
சொன்னேன்.
கொஞ்சநேரம் திரையையே பார்த்தாள்,
பந்தியில் பக்கத்து இலைக்காரியைப் பார்ப்பதுபோல.
பிறகு, தொண்டை அடைத்து,
"இத்திரி வெள்ளம் தா."

என் பாட்டிலை நீட்டினேன்.
மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.
அண்ணாந்து, மடக்கு மடக்காக
அவள் குடிக்கும் சத்தத்துக்கு
அது ஒன்றும் எழுதவில்லை;
கோடு மட்டும் ஒரே இடத்தில்
மினுங்கிக்கொண்டு நின்றது.